ஐப்பசிப் பௌர்ணமியும் முப்பத்தாறு முறுக்குகளும்

சுருட்டை முடிக்கு முறுக்குப் போட்டு அவிழ்க்கும் வேலையை, பார்லர் நடத்தும் உங்களில் பாதிப் பேர் இப்போது என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். ட்விஸ்ட் அவுட் என்று கடை போர்டிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். ஈர முடியைச் சிறு சிறு பிரிவாக எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு புரியாக முறுக்கி, காயவிட்டு, பிறகு அவிழ்த்தால் சுருள் சுருளாக வந்து நிற்கும் என்பது இன்று எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எந்த க்ரீம், எத்தனை பிரிவு, அவிழ்க்கும்போது விரலில் எத்தனை சொட்டு எண்ணெய் என்பதெல்லாம் உங்கள் போனில் வீடியோவாகவே இருக்கிறது. அதை நான் எழுதினால் நீங்கள் படிக்கமாட்டீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் படிக்கமாட்டேன்.

நான் எழுத நினைப்பது வீடியோ முடிந்த பிறகு நடப்பதை. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் போகும் வழியில், இருபத்தாறு ஆண்டுகள் பார்லர் நடத்தினேன். கடை திறந்த முதல் நாளிலிருந்து நோட்டு எழுதும் பழக்கம் உண்டு. தேதி, கிழமை, தமிழ் மாதம், வந்தவர், செய்த வேலை, தொடங்கிய மணி, முடிந்த மணி, வெளியே வெயிலா மழையா. கடைசிக் கட்டம் மட்டும் சிவப்பு மையில்: அன்று நான் செய்த தவறு. என் கணவர் அதற்கு ‘பார்லர் பஞ்சாங்கம்’ என்று பெயர் வைத்தார். ஓய்வு பெற்ற பிறகு அந்த நோட்டுகளை வரிசையாக எடுத்துப் படித்தேன். சிவப்பு மை இல்லாத பக்கங்கள் எனக்கு நினைவே இல்லை. யார் தலையோ, என்ன வேலையோ. சிவப்பு நிறைந்த பக்கங்களில் வந்தவர்கள் கட்டியிருந்த புடவையின் நிறம்கூட நினைவிருக்கிறது. அப்படி ஒரு பக்கத்தைத்தான் இங்கே பிரிக்கிறேன்.

அதற்கு முன், எனக்கு முறுக்குக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி. தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை. ஒரு மார்கழியில் ஆசிரமத்துக்குப் பின்தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். நம் ஊர்ச் சுருட்டையைவிட நாலு மடங்கு சுருட்டை அவருடைய முடி. தலையின் பின்பக்கம் கை எட்டவில்லை, முறுக்கிவிட ஆள் வேண்டும் என்று கேட்டு வந்தார். நான் செய்த முதல் காரியம், காய்ந்த முடியில் சீப்பை வைத்தது. சீப்பில் மூன்று பல் போயிற்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உடைந்த பற்களைத் தலையிலிருந்து பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்து, சீப்புக்கு லீவு கொடு என்றார்.

அவர் சொல்லச் சொல்ல முறுக்கினேன். மாலை நாலு மணிக்கு அவிழ்க்கலாம் என்று நானே நேரம் குறித்தேன். நாலு அடித்ததும் அவிழ்த்தேன். பாதி ஈரம். சுருள் விழ வேண்டிய இடத்தில், தலையணையைக் கிழித்துப் பஞ்சைப் பிரித்ததுபோல முடி எழுந்து நின்றது. கண்ணாடியைப் பார்த்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உனக்கு மணி பார்க்கத் தெரிகிறது, முடி பார்க்கத் தெரியவில்லை என்றார். அவிழ்க்காமல் மிச்சமிருந்த ஒரு முறுக்கைக் கொஞ்சம் நெகிழ்த்தி, அதன் உள்ளே விரலை வைக்கச் சொன்னார். வெளியே மொறமொறவென்று காய்ந்திருந்தது, உள்ளே சில்லென்று இருந்தது. அந்தத் தலையோடே கிரிவலம் போய்விட்டு, வழியில் மூன்று குடும்பங்கள் தன்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டதாக மறுநாள் வந்து பெருமையாகச் சொன்னார். நிமிடம் தவறாமல் நோட்டு எழுதுகிறவளுக்கு அது நல்ல குட்டு.

அது விழுந்து பல வருடம் கழித்துத்தான் தேன்மொழி வந்தாள்.

அடி அண்ணாமலைப் பெண். அப்பா ஏழுமலை, மல்லாட்டைப் பயிர் செய்கிறவர். வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பதை நாங்கள் மல்லாட்டை என்போம். தேன்மொழி டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். நல்ல அடர்த்தியான சுருட்டை முடி. பழைய நிகண்டுகளில் சுருள் முடிக்கு அளகம் என்று தனிப் பெயரே இருக்கிறது. அப்படிப் பேர் வைத்துக் கொண்டாடிய மொழிக்காரர்களின் சுருட்டையைத்தான் நானும் பல வருடம் இஸ்திரி போட்டு நேராக்கிப் பிழைத்தேன். தேன்மொழியின் அம்மா சரோஜாவுக்குச் சுருட்டை என்றாலே பயம். எண்ணெய் வைக்காத தலை, அடங்காத பெண் என்று வருகிறவர்கள் நினைத்துவிடுவார்கள் என்பார். காலேஜ் காலத்திலிருந்து அந்தத் தலை சூட்டில்தான் இருந்தது.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். போளூர்ப் பக்கத்துக் குடும்பம். பார்த்தது டவுனில் இருந்த தாய்மாமன் வீட்டில். காலை ஏழு பத்துக்குத் தொடங்கி ஒன்பது ஐந்துக்கு முடித்தேன் என்று நோட்டில் இருக்கிறது. வெளியே கடும் வெயில். இஸ்திரி போட்டு, பளபளப்புக்கு சீரம் தடவி அனுப்பினேன். ஏரித் தண்ணீர்போல இருந்தது முடி. சிவப்புக் கட்டத்தில் இரண்டே வார்த்தை: ‘சீரம் ஜாஸ்தி.’ சின்னத் தவறு, எழுதிவிட்டு மறந்துவிட்டேன். பெண் பிடித்துவிட்டது, மாப்பிள்ளையின் அம்மாவே தன் கையால் பூ வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று சரோஜா அன்று சாயங்காலம் போனில் சொன்னார். பூ வைத்துவிட்டார்கள் என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மீதி நிச்சயதார்த்தத்தில்.

பத்து நாள் கழித்துத் தேன்மொழி தனியாக வந்தாள். தலையை என்னிடம் குனிந்து காட்டினாள். நுனியெல்லாம் கருகி, தொட்டால் உதிர்ந்தது.

“ஆன்ட்டி, அவருக்கு என் முடி தெரியும். வீடியோ கால்ல காமிச்சுட்டேன், நல்லாதான் இருக்குன்னாரு. ஆனா அவங்க அம்மா பாத்துட்டுப் போனது வேற யாரோட தலையையோ. கல்யாணம் ஆனப்புறம் தினம் நாலரைக்கு எழுந்து இஸ்திரி போட்டுக்கினு இருக்க என்னால முடியாது. நிச்சயத்தன்னிக்கு என் முடியோட உக்காரணும். புடிக்கலன்னா அப்பவே சொல்லிட்டுப் போகட்டும்.”

அவள் அழவில்லை. பரிசோதனை முடிவைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். அதனாலேயே என்னால் மறுக்க முடியவில்லை.

ஆடியில் கருகிய நுனியை ஒரு சாண் வெட்டினேன். ஆவணியிலும் புரட்டாசியிலும் மூன்று முறை முறுக்குப் போட்டுப் பார்த்தோம். மூன்றாவது முறை அவிழ்த்தபோது கடைக்கு வந்திருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். சரோஜாவும் பார்த்தார். அழகாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஒரு நிபந்தனை போட்டார்: அன்றைக்கு நல்லா வரலைன்னா இஸ்திரி போட்டுடணும். சரி என்று வாக்குக் கொடுத்தேன். யோசிக்காமல் கொடுத்த வாக்கு. நினைவில் வைத்திருங்கள், அது திரும்பி வரும்.

நிச்சயம் ஐப்பசிப் பௌர்ணமி, வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கு, பெண் வீட்டிலேயே. ஒரே வேனில் வந்து காலையில் மலையைச் சுற்றிவிட்டு மாலையில் நிச்சயத்தையும் முடித்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டார்தான் அந்த நாளைக் கேட்டார்கள். புதன்கிழமை மாலை நாலு மணிக்கு அடி அண்ணாமலைக்குப் போய் முப்பத்தாறு முறுக்குப் போட்டேன். பழைய வேட்டித் துணியால் தலையைக் கட்டினேன். ஐப்பசி ஈரக்காற்றுக்கும் மறுநாள் மதியத்துக்குள் காய்ந்துவிடும் என்பது என் கணக்கு. எண்ணெய் வைக்கக் கூடாது, சீப்புப் படக் கூடாது, துணியில்லாமல் படுக்கக் கூடாது, விரலால் நோண்டக் கூடாது என்று ஒன்பது ‘கூடாது’ சொல்லிவிட்டு வந்தேன்.

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் ஆட்டோ விடமாட்டார்கள். வியாழன் காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். எட்டே முக்காலுக்கு அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது தேன்மொழி முற்றத்தில் முக்காலி மேல் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தாறு முறுக்கிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. சரோஜா மட்டும் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

“ஒண்ணுகூட கலையல பாத்தீங்களாக்கா? பதமா, சொம்பு சொம்பாதான் ஊத்தினேன்.”

எதற்கு ஊற்றினீர்கள் என்று கேட்டேன்.

“இன்னாக்கா இப்படி கேக்கறீங்க? நல்ல நாளும் அதுவுமா தலைக்கு ஊத்தாம பொண்ண மணையில உக்கார வெக்க முடியுமா?”

முடியாதுதான். நான் மணையில் உட்கார்ந்த அன்று என் தலைக்கும் ஊற்றினார்கள். ஒன்பது ‘கூடாது’ சொன்னவள், அந்த வீட்டில் நிச்சயமாக நடக்கப்போகிற ஒரே காரியத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு கூடவா தெரியாது என்று நாம் நினைத்து விட்டுவிடுகிற இடத்தில்தான் வாடிக்கையாளர் வீட்டுப் பழக்கம் நுழையும். அது அவர்கள் தவறு அல்ல. அதனால் நான் சரோஜாவைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டால் காயுமென்றால் கடிந்துகொண்டிருப்பேன்.

கையில் எட்டே முக்கால் மணி நேரம் இருந்தது. பருத்தித் துணியால் ஒவ்வொரு முறுக்காக ஒற்றி எடுத்தேன். ட்ரையரை மாட்டினேன். பத்து நிமிடம்கூட ஓடவில்லை. ஷாமியானா சீரியல் லைட்டும் சமையல்காரரின் கிரைண்டரும் சேர்ந்து தெருவுக்கே கரண்ட் போய்விட்டது. இந்தக் கூட்டத்தில் லைன்மேன் மதியத்துக்கு முன்னால் வரமாட்டார் என்றார் ஏழுமலை. இனி வெயிலும் காற்றும்தான் ஆதரவு. அடி அண்ணாமலை மலைக்கு மேற்கே இருக்கிறது, சூரியன் மலையைத் தாண்டி வருவதற்கே நேரமாகும். மொட்டை மாடியைச் சமையல் பாத்திரங்கள் பிடித்துக்கொண்டன. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். வெயிலும் காற்றும் ஒன்றாகக் கிடைத்த ஒரே இடம் வாசல் கேட்டுக்கு வெளியே, கிரிவலப் பாதையின் ஓரம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்த வீட்டார் மேஜை போட்டு நடந்து வருகிறவர்களுக்கு மோர் கொடுக்கும் இடம். அந்த மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுத் தேன்மொழியை உட்கார வைத்தேன். துணி நனையாமலிருக்கக் கைக்குக் கிடைத்த அவள் அப்பாவின் காவி வேட்டியைத் தோளைச் சுற்றிப் போர்த்தினேன்.

இதில் நான் கவனிக்காதது ஒன்று உண்டு. திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையில், பௌர்ணமியன்று, காவியைப் போர்த்திக்கொண்டு, தோள்வரை தொங்கும் புரிபுரியான முடியோடு ஒருத்தி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

முதலில் ஒருவர் இரண்டு வாழைப்பழத்தை அவள் காலடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அதற்குள் ஒரு பெண் தன் குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தி, விபூதி பூசச் சொன்னார். ஏழுமலை உள்ளே போய் விபூதி டப்பாவை எடுத்துவந்து மகள் கையில் கொடுத்தார். குழந்தை அழுகையை நிறுத்தியதும் பின்னால் வரிசை நின்றுவிட்டது. வயதான அம்மா ஒருவர், அடிக்கடி தலை சுற்றுகிறது, ஒரு வாக்குச் சொல்லு தாயி என்றார். “காலைல வெறும் வயித்துல சுகர் டெஸ்ட் பண்ணிப் பாருங்கம்மா” என்று தேன்மொழி வாக்குச் சொன்னாள். அந்த அம்மா அதையும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

“மோருக்கு வர்ற கூட்டம் கம்மி, உங்கிட்ட வர்ற கூட்டம்தான் ஜாஸ்தியா கீது” என்றார் ஏழுமலை. “இன்னொரு நாற்காலி போட்டா நானும் உக்காந்துக்கறேன்.”

காலையிலிருந்து இறுகியிருந்த தேன்மொழி அப்போதுதான் சிரித்தாள். நாற்காலி ஆட ஆடச் சிரித்தாள். என்னாலும் அடக்க முடியவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு ஐந்தாறு பெண்கள் வெறுங்காலோடு, வியர்வையோடு வந்து மோர் மேஜைக்கு முன் நின்றார்கள். முன்னால் நின்ற அம்மா நாற்காலியைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக் குனிந்து கும்பிட்டார். நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றார்.

“தேன்மொழியா?”

“ஆமாங்க அத்தை.” அவள் எழுந்துவிட்டாள். காவி வேட்டி கீழே விழுந்தது.

மாப்பிள்ளையின் அம்மா. ஆனியில் டவுன் வீட்டில் பார்த்ததோடு சரி, இதுதான் பெண் வீடு என்று அவருக்குத் தெரியாது. சரோஜா உள்ளேயிருந்து ஓடிவந்து காவி வேட்டியைப் பொறுக்கி எடுத்தார்.

“இன்னாம்மா இது தலையில?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

பார்லர்க்காரி நான் பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நல்லவேளை, தேன்மொழி முந்திக்கொண்டாள்.

“இதான் அத்தை என் முடி. சுருட்டை. சாயந்தரம் நல்லா தெரியணும்னு முறுக்கிக் காய வெச்சிருக்கேன். மாமா வூட்ல நீங்க பாத்தது இஸ்திரி போட்டது.”

அந்த அம்மா மோர் டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் யோசித்தார்.

“அப்ப அன்னிக்கு நான் பூ வெச்சது அந்த இஸ்திரி போட்ட முடியிலயா?”

“ஆமாங்க.”

“சரி. சாயந்தரம் பாக்கலாம்.”

அவ்வளவுதான். கூட்டத்தோடு நடந்துவிட்டார். சரோஜா வாசல்படியில் உட்கார்ந்து அழுதார். கெட்டுப்போயிற்று, எல்லாம் போயிற்று என்று அவர் அழ, மதியம் ஒரு மணிக்குத் தூறலும் சேர்ந்துகொண்டது. நாற்காலியை உள்ளே எடுத்தோம்.

மூன்று மணிக்குச் சற்று முன் கரண்ட் வந்தது. சரோஜா என் பையைத் திறந்து இஸ்திரியை எடுத்து, தானே மாட்டி, சிவப்பு விளக்கு எரிவதைக் காட்டினார். வாக்குக் கொடுத்தீர்களே என்றார். கொடுத்திருந்தேன்.

நான் மணியைப் பார்க்கவில்லை. தேன்மொழியின் காதுக்குப் பின்னாலிருந்த ஒரு முறுக்கை நெகிழ்த்தி, விரலை உள்ளே வைத்தேன். மார்கழியில் தொட்ட அதே சில்லிப்பு. உச்சியில் ஒன்று, பின்கழுத்தில் ஒன்று. எல்லாம் வெளியே காய்ந்து உள்ளே ஈரம். இனி ட்ரையர் காட்டினாலும் வெளிப்பக்கம்தான் மொறமொறக்கும், ஐந்தரைக்குள் சூடு உள்ளே எட்டாது.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்திக் கேட்க ஆசை. இப்போது அவிழ்த்தால் பஞ்சு மூட்டை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால், அத்தனை போட்டோவிலும். இஸ்திரி போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் முடிக்குள்ளேயே கொதிக்கும். ஏற்கெனவே ஒருமுறை கருகிய முடி, இந்தத் தடவை பாதியில் ஒடியும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள். அம்மா கேட்கிறார், வாக்கும் கொடுத்திருக்கிறோம், இயந்திரம் சூடாகக் காத்திருக்கிறது. நம் தொழிலில் பெரிய தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. யாரோ ஒருவர் அவசரப்படுத்துவார், நமக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வெட்கமாக இருக்கும்.

நான் இஸ்திரியைப் பிடுங்கி வைத்தேன்.

“சரோஜா, தலைக்கு ஊத்தக் கூடாதுன்னு நான் சொல்லல. இது என் தப்பு. அத மறைக்க இன்னொரு தப்ப என் கையால செய்யமாட்டேன். எரிஞ்ச முடி திரும்பி வராது. அவிழ்க்காத முறுக்க நாளைக்குக்கூட அவிழ்த்துக்கலாம்.”

“முறுக்கோடவே உக்கார வெக்கறதா? ஏற்கெனவே அந்தம்மா கும்புட்டுட்டுப் போயிருக்காங்களேக்கா.”

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசி வார்த்தை தலைக்குச் சொந்தக்காரியுடையது என்று தேன்மொழியைப் பார்த்தேன். அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொண்டையா கட்டிடுங்க ஆன்ட்டி. பூ வெக்க எடம் மட்டும் விட்டுடுங்க.”

முன்பக்கத்து முறுக்குகளைப் பின்னால் வாரி, தலையைச் சுற்றி வளைத்து, மகுடம்போலக் கட்டினேன். பின்னால் எட்டு முறுக்கைத் தோளில் தொங்கவிட்டேன். சுட்டியும் சூரிய பிரபை, சந்திர பிரபையும் வைத்தபோது அவை இடுக்குகளில் தாமாகவே உட்கார்ந்துகொண்டன. ஐந்து பத்துக்கு முடிந்தது. சரோஜா எட்டிப் பார்த்து, மகளின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் புடவையை உடுத்தி வந்து தேன்மொழி மணையில் உட்கார்ந்தாள். பூ வைக்க மாப்பிள்ளையின் அம்மா வந்து அவளுக்குப் பின்னால் நின்றார். கையில் மல்லியும் கனகாம்பரமும் சேர்த்துக் கட்டிய நெருக்கமான சரம். நான் வழக்கம்போல ஹேர்பின்களை விரித்து உள்ளங்கையில் நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் பின்னை எடுக்கவில்லை. சரத்தின் நுனியை ஒரு முறுக்குக்கு அடியில் செருகினார். இரண்டு முறுக்கைத் தாண்டி இழுத்தார். இன்னொன்றுக்கு அடியில் விட்டார். பிறகு இரண்டு கையையும் எடுத்துவிட்டுக் காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை.

“தலைய ஆட்டு.”

தேன்மொழி திகைத்துப்போய் மெதுவாகத் தலையசைத்தாள்.

“நல்லா ஆட்டும்மா.”

பலமாக ஆட்டினாள். சுட்டி ஆடியது, தோளில் தொங்கிய முறுக்குகள் ஆடின. பூ அசையவில்லை.

அந்த அம்மா அப்படியே அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

“அன்னிக்கு நான் வெச்ச பூவு, நாங்க வாசப்படி தாண்டறதுக்குள்ள வழுக்கிக் கீழ வுழுந்துச்சு சம்பந்தி. யாரும் பாக்கல, நான் பாத்துட்டேன். எடுத்து முந்தானையில முடிஞ்சிக்கினு போயிட்டேன். ஆனியிலேர்ந்து ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கல, எம் புள்ளகிட்டகூட. வேணாம்னு தெய்வம் சொல்லுதோன்னு வயித்துல நெருப்பா கெடந்துச்சு. இன்னிக்கு மலைய சுத்தினதே அதுக்குத்தான். மோரு குடிக்கறப்பதான் தெரிஞ்சுது, வுழுந்தது இஸ்திரியால.”

என் நெஞ்சுக்குள் இரண்டு வார்த்தை சிவப்பு மையில் எழுந்து நின்றது. ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை. நான்கு மாதமாக ஒரு தாய் தூங்காமலிருந்ததற்குக் காரணம் என் நோட்டில் இருந்தது.

“இஸ்திரி இல்லீங்கம்மா” என்றேன். “சீரம். நான்தான் ஜாஸ்தியா தடவிட்டேன். அன்னிக்கே எழுதி வெச்சிருக்கேன்.”

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தெய்வம்னு நெனச்சு மலைய சுத்தினேன். கடைசில பாத்தா நீயா?”

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று சொல்வதுதான் கஷ்டம். சரோஜா முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அந்தச் சிரிப்பிலேயே இரண்டு சம்பந்திகளும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சடங்குப்படி அடுத்து என்ன என்று ஐயர் இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது.

முடி முழுதாகக் காய்ந்தது வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு. விரலால் பார்த்துச் சொல்கிறேன், மணி நோட்டுக்காக மட்டும் குறித்தது. தேன்மொழியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவிழ்த்தோம். ஒவ்வொரு முறுக்கும் விரலைவிட்டு நழுவி, தானே சுருண்டு போய் நின்றது. பாதியில் சரோஜா எண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தொட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசிப் பத்தை அவர்தான் அவிழ்த்தார். வாடிய மல்லிகை மட்டும் வெளியே வரமாட்டேன் என்றது. ஒவ்வொரு காம்பையும் சுருளுக்குள்ளிருந்து பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. நோட்டில் இப்படி இருக்கிறது: ‘அவிழ்க்க முக்கால் மணி. பூவை எடுக்க ஒரு மணி பத்து நிமிடம்.’ சிவப்புக் கட்டத்தில்: ‘தலைக்கு ஊற்றுவதைப் பற்றிக் கேட்கவில்லை.’

அன்றிலிருந்து நான் வீட்டாரிடம் ‘கூடாது’ பட்டியல் படிப்பதை நிறுத்திவிட்டேன். நாளைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து இந்த வீட்டில் என்னென்ன நடக்கும், வரிசையாகச் சொல்லுங்கள் என்று கேட்பேன். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். தண்ணீர் எங்கே வருகிறது, எண்ணெய் எங்கே வருகிறது, யார் தலையைத் தொடப்போகிறார்கள் என்பதெல்லாம் அதிலேயே வந்துவிடும். நீங்களும் செய்து பாருங்கள். பத்து நிமிடம் ஆகும்.

கல்யாணம் தை மாதம் போளூரில். அதற்கு இரண்டு நாள் முன்பு, காலை ஏழு இருபதுக்கு, எனக்கு ஒரு போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா. பெண்ணுக்குத் தலைக்கு ஊற்றுவதை முந்தின நாள் விடியற்காலையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி சம்பந்தியிடம் பேசிவிட்டதாகவும், அதற்கப்புறம்தான் நான் முறுக்கில் கை வைக்க வேண்டும் என்றும் எனக்கே உத்தரவு போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பூவு ஆறு மொழம் சொல்லியிருக்கேன். தாங்குமா?”

“இன்னும் ரெண்டு மொழம் சேத்துக்குங்கம்மா” என்றேன்.